ரமலானுக்கான மருத்துவம் ரஜபில் தொடங்கட்டும்



கடந்த ரமலானின் கடைசிப் பத்தில் ஒரு நாள், அஸருக்குப் பின், கீழ்பென்னாத்தூரில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த தாயார் ஒருவர் அடுப்படியில் மயங்கி விழுந்தார். இஃப்தாருக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தவர். பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொண்டு வருபவர். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்று குளுக்கோஸ் ஏற்றிய பின்னரே கண் திறந்தார். அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார்.

இரண்டு நாள் கழித்து அவருடைய மகன் என்னைச் சந்தித்தார். கோபமின்றித்தான் பேசினார். "நோன்பு வைக்கலாமா என்று அம்மா டாக்டரிடம் கேட்டார்கள். அதை உங்கள் ஹஸ்ரத்திடம் கேளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். உங்களிடம் வந்தார்கள். நீங்கள் டாக்டரிடம் கேட்கச் சொன்னீர்கள், ஹஸ்ரத்."

ஆம், அப்படித்தான் சொன்னேன். மார்க்கச் சட்டப்படி அது பிழையான பதிலன்று. நோயின் தன்மையை அறிந்த மருத்துவரின் கருத்தை ஃபிக்ஹு நூல்களும் கேட்கச் சொல்கின்றன. ஆயினும் எங்கள் இருவருக்கும் நடுவே அந்தத் தாயார் தனித்து விடப்பட்டார். காலையில் உட்கொள்ளும் மாத்திரையை அதே அளவில் ஸஹரில் விழுங்கிவிட்டு, பசியில்லை என்று ஒரு குவளைத் தேநீரோடு நிய்யத் வைத்து வந்திருக்கிறார். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்ற கேள்வியை மருத்துவரும் எழுப்பவில்லை, நானும் எழுப்பவில்லை. ஆண்டுதோறும் மதரஸாவில் நோன்பின் பாடத்தை நடத்துபவன் நான். நோயாளியின் சட்டம் வரும்போது எதிரில் இருக்கும் மாணவர்களின் வீடுகளில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள் என்று ஒரு முறையேனும் கேட்டதில்லை.

இது ஓர் ஊரின் சங்கதியன்று. 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, 2004-இல் வெளியான 'எபிடியார்' ஆய்வு, இரண்டாம் வகை நோயாளிகளில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ரமலானில் குறைந்தது 15 நாட்களேனும் நோன்பு நோற்பதாகக் கண்டது. அவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை ஏற்படுவது அம்மாதத்தில் ஏழரை மடங்கு பெருகியது. மருத்துவர் வேண்டாமென்று சொன்னாலும் நம் மக்கள் நோன்பு வைப்பார்கள். அந்த ஈமானை மதிக்கிறேன். நோற்பவரைத் தயார்ப்படுத்தாமல் விட்டதுதான் நம் குற்றம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களுள் 14.4 விழுக்காட்டினர். ஜும்ஆவில் பத்துப் பேர் கொண்ட ஒரு ஸஃப்பைக் கண்டால் அதில் ஒருவரோ இருவரோ இருப்பார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தன்னார்வலப் பெண்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். பர்தா அணிந்த நம் பெண்களின் வாசலுக்கு ஒரு பெண்ணே வந்து நிற்பது பெரிய நன்மை. ஆனால் நான் கண்ட அறிவுரைத் தாள்களில் காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு என்ற மூன்று வேளைகள்தாம் இருந்தன. ஸஹரும் இஃப்தாரும் அவற்றில் இல்லை. வலீமாவின் பிரியாணியும் இல்லை. "காலையில் அரை மணி நேரம் நடைப்பயிற்சி" என்றிருந்தது. ஃபஜ்ருக்குப் பின் செஞ்சி சாலையில் லாரிகளுக்கு நடுவே எங்கள் பெண்கள் எங்கே நடப்பார்கள்?

அறிவுரை சரியாக இருந்தும் வாழ்க்கைக்குப் பொருந்தாமற்போனால் யாரும் கைக்கொள்வதில்லை. அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஸ்டார் கவுண்டி என்னும் ஏழ்மையான நாட்டுப்புறப் பகுதியில் இதை முன்பே உணர்ந்தார்கள். அங்கு மெக்சிகோ வம்சாவளி நோயாளிகள் 256 பேரை வைத்து ஒரு திட்டத்தைச் சோதித்தனர். பாடம் ஸ்பானிய மொழியில்; நடத்தியவர்கள் அதே சமூகத்துச் செவிலியரும் உணவியலாளரும்; சமைக்கக் கற்றுத்தந்தது அவர்களுடைய சொந்த உணவைத்தான். நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் வந்து அமர வேண்டும். 2002-இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களின் சர்க்கரை மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. குடும்பத்தாரையும் அழைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். எங்கள் வீடுகளில் உப்பையும் எண்ணெயையும் தீர்மானிப்பவர் ஒருவர், நோயைச் சுமப்பவர் வேறொருவர்.

இலண்டனில் நம் சமுதாயத்தாருக்கே ரமலானுக்கு முன் இத்தகைய வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், வகுப்புக்கு வந்தவர்களிடம் தாழ்சர்க்கரை நிகழ்வுகள் குறைந்தன. வராதவர்களிடம் நான்கு மடங்காயின. நம் சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கு நினைவுகூரத்தக்கது. நோயின் வாசலில் நின்றவர்களில், வழக்கம்போல் வாழ்ந்தோருள் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நோயாளிகளாயினர். உணவையும் நடையையும் திருத்தியவர்களுள் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. சோறுண்ணும் நம் மக்களிடமே கிடைத்த முடிவு இது.

பள்ளிவாசலைப் போன்ற ஏற்பாடு வேறு யாரிடம் உண்டு? நாளுக்கு ஐந்து முறை கூடுகிறோம், வாரந்தோறும் பயான் கேட்கிறோம், ரமலானில் முப்பது நாளும் ஓர் ஊருக்கே உணவு சமைக்கிறோம். நோன்புக் கஞ்சிக்கென 2001 முதல் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. 2020-இல் அது ஏறத்தாழ 5,450 டன். அந்தக் கஞ்சியை நான் குறைகூற வரவில்லை. பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் சேர்ந்த நல்ல உணவு அது. அதன் அருகே குவியும் சமோசாவும் வடையும், குவளை குவளையாய் இறங்கும் சர்பத்தும்தான் வினை. அரிசியில் ஒரு பங்கைக் குறைத்து, நம் மாவட்டத்து ஜவ்வாது மலையில் விளையும் சாமையைச் சேர்த்தால் என்ன? வாற்கோதுமையில் செய்யும் தல்பீனா என்ற கஞ்சியைப் பற்றி ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. தானியக் கஞ்சி நமக்குப் புதிதன்று.

"மிம்பரில் சர்க்கரை, கொழுப்பு என்று பேசுவதா?" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. மருத்துவம் என்ற பெயரில் யார் யாரோ எதை எதையோ விற்கும் காலம் இது. என்றாலும், உயிரைப் பேணுவதை ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களுள் ஒன்றாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எண்ணியிருக்கிறார்கள். நோயாளியின் சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆகிய இரு வசனங்களிலும் வருகிறது. அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பது அவனுக்கு உவப்பானது என்ற கருத்தில் முஸ்னது அஹ்மதில் ஹதீஸ் உண்டு. அப்படியிருக்க, நோன்பை விட்ட நோயாளி அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சி ஒளிந்து தண்ணீர் குடிக்கும் நிலையை நாம்தான் உண்டாக்கியிருக்கிறோம். அதை நீக்க மிம்பரால் மட்டுமே முடியும்.

அறியாமையால் விளையும் கேடு இன்னொன்று. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முறியாது. 1997-இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும் ஊட்டமாக அமையாத ஊசிகளும் நோன்பை முறிப்பதில்லை என்று தீர்மானித்தது. அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். இந்த இரண்டு எண்களும் வுளுவின் ஃபர்ளுகளைப் போல நம் வீடுகளில் மனனமாக வேண்டும்.

அவ்வழிகாட்டுதல்கள் நோயாளியை ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் போகச் சொல்கின்றன. நம் கணக்கில் அது ரஜப் மாதம். எங்கள் ஜமாஅத் நிர்வாகத்திடம் நான் வைத்த கோரிக்கை பெரியதன்று. ரஜபில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவர் ஒருவரும் ஆலிம் ஒருவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். பெண்களுக்கு மதரஸாவின் உள்ளறையில் தனியே, பெண் மருத்துவரைக் கொண்டு. வருபவர் கேள்வியோடு இன்னொரு வாசலுக்கு அலையாமல், மாத்திரையின் அளவையும் மார்க்கத் தீர்ப்பையும் ஓரிடத்திலேயே பெற்றுச் செல்ல வேண்டும். பிள்ளைகள் வீடு திரும்பிய பின் மதரஸா முற்றம் மாலையில் ஒரு மணி நேரம் பெண்கள் நடப்பதற்குத் திறந்திருக்கட்டும் என்றும் கேட்டேன். மேசைக்கு முத்தவல்லி சம்மதித்துவிட்டார். முற்றத்தைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

அந்தத் தாயார் இப்போது நலமாக இருக்கிறார். இனி நோன்பு வைக்க வேண்டாம், நோயும் வயதும் அதற்கு இடந்தராது என்று வேறொரு மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைச் சென்ற வாரம் மகனிடம் கொடுத்தனுப்பி, ஃபித்யா எவ்வளவு என்று கேட்டிருந்தார். கணக்கிட்டுச் சொன்னேன். வரும் ரமலானில் கஞ்சிக்குச் சாமை வாங்கினால் அதைப் புடைத்துக் கல் பொறுக்கித் தருவதாகவும் சொல்லியனுப்பியிருக்கிறார்.