பூசலுக்கு அஞ்சுவோர்க்கு

தன்னார்வலர் கூடும் இடத்தில் பூசல் எழுந்துவிட்டால் இரண்டு அறிவுரைகள் தவறாமல் வந்து விழும். 'வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுவராதீர்கள்' என்பது ஒன்று. 'வேலை செய்பவர்கள் செய்யட்டும், பேசுபவர்கள் ஒதுங்கட்டும்' என்பது மற்றொன்று. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில், குறிப்பாக அதன் பரப்புரைக் குழுக்களில், இவை வேதவாக்காகவே வழங்கி வருகின்றன. இரண்டுமே பிழை என்பது நம் துணிபு.

பரப்புரை செய்யும் தன்னார்வலரிடம் ஊதியமும் இல்லை, விளம்பர நிதியும் இல்லை. முன்பின் அறியாதவரிடம் தம் நாணயத்தை ஈடாக வைத்தே அவர் ஒரு மென்பொருளை எடுத்துச் செல்கிறார். 2004 டிசம்பரில் ஃபயர்பாக்ஸ் உலாவிக்காக 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் இரு பக்க விளம்பரம் வந்தது. அதற்கு நன்கொடை தந்த ஏறத்தாழ 10,000 பேரின் பெயர்களும் அதில் அச்சாகியிருந்தன. அவர்களை வெறும் நன்கொடையாளர் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் பிணை நின்றவர்கள். பிணை நின்றவரைக் கேளாமல் பத்திரத்தைத் திருத்துவது எந்த ஊர் நியாயம்?

ஓப்பன் ஆபிஸ் கதையைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. உலகெங்கும் தன்னார்வலர்கள் அதை மொழிபெயர்த்தார்கள், பரப்பினார்கள். 2010 ஜனவரியில் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போயிற்று. திட்டத்தின் எதிர்காலம் குறித்துத் தன்னார்வலர்க்குத் தெளிவான மறுமொழி கிடைக்கவில்லை. செப்டம்பர் 28 அன்று அவர்களுள் ஒரு சாரார் 'டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பை அறிவித்து லிப்ரெஆபிஸைத் தொடங்கினர். அக்டோபரில் கூடிய சமூகப் பேரவையில், புதிய அமைப்பில் சேர்ந்தவர்கள் பதவி விலக வேண்டும் என்ற குரல் எழுந்தது. 2011இல் ஆரக்கிள் தன் பங்கிற்கு அந்த மென்பொருளை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டது. பூசலால் வீடு பிரிந்தது என்பார்கள். அன்று, மௌனத்தால் பிரிந்தது.

பிரிந்து வந்தவர்களாவது பாடம் கற்றார்களா? 2020 ஜூலையில் லிப்ரெஆபிஸ் 7.0இன் வெளியீட்டு முன்னோட்டத்தில் 'பர்சனல் எடிஷன்' என்ற முத்திரை தென்பட்டது. நோக்கம் தீயதன்று. நிரலாக்கத்தின் பெரும்பகுதியைச் செய்யும் நிறுவனங்களுக்கு வருவாய் வேண்டும். பெரிய அலுவலகங்கள் காசு கொடுக்காமலே பயன்படுத்திக்கொண்டிருந்தன. ஆதலின், இது தனியாட்களுக்கு, அலுவலகங்களுக்கு வேறொன்று என்று பிரித்துக் காட்ட விழைந்தார்கள். ஆனால் பள்ளியிலும் நூலகத்திலும் 'எங்கும் எவரும் பயன்படுத்தலாம்' என்று சொல்லி வந்த தன்னார்வலர், அந்த ஒரு சொல்லால் பொய்யராக்கப்பட்டார். கண்டனம் வெடித்தது. உரிமத்திலோ பயன்பாட்டிலோ மாற்றம் ஏதுமில்லை என்று நிர்வாகக் குழு விளக்கம் தர நேர்ந்தது. 7.0 அந்த முத்திரையின்றியே வெளிவந்தது. 2021 பிப்ரவரியில் வந்த 7.1, 'கம்யூனிட்டி' என்ற பெயரைத் தாங்கியிருந்தது. நோக்கம் ஏறக்குறைய அதேதான்; சொல் மாறியது, சீற்றம் தணிந்தது.

'ஒரு சொல்லுக்கா இத்தனை கூச்சல்?' என்று அன்று நகைத்தவர்கள் உண்டு. அவர்களிடம் நாம் கேட்பது இது: வெளியீட்டு முன்னோட்டம் எதற்காக? வழுக்களைக் கண்டறிவதற்காக. நிரலில் வழு கண்டு சொல்பவருக்கு நன்றி கூறுகிறீர்கள். சொல்லில் வழு கண்டு சொன்னவரை மட்டும் கலகக்காரர் என்பது ஏன்? 'வழு' என்ற சொல்லே இலக்கணத்திலிருந்து கணினித் தமிழுக்குப் போனதுதான். தமிழ் இலக்கணம் சொல்லின் வழுவைத்தான் முதலில் கவனித்தது.

பரப்புரைக் குழுக்களுக்கு நடத்தை விதிகளை எழுதித் தந்தால் போதும், பூசல் ஒழியும் என்று நம்புவோரும் உளர். இன்சொல் வேண்டும்தான், வசை எவருக்கும் உரிமையாகாது. எனினும் வள்ளுவர் 'இனியவை கூறல்' அதிகாரத்தை இல்லறவியலில் வைத்தவர், 'சொல்வன்மை'யை அமைச்சியலில் வைத்தார். எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்பது ஆட்சி செய்வோரின் கடமை. நிர்வாகம் தன் கடமையில் தவறிவிட்டு, தொண்டரின் குரல் உயர்ந்துவிட்டது என்று குறைகூறுவது முறையாகாது.

ஆகவே நாம் கோருவது எளியது. பெயர், முத்திரை, முழக்கம் எதுவாயினும், அதை ஊருக்குச் சுமந்து செல்பவர் ஊருக்கு முன்பே அறிய வேண்டும். மறுப்பைச் சொல்ல நாள் தர வேண்டும். முடிவு எவருடையது, காரணம் என்ன என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். இதன் பிறகும் பூசல் வரும், வரட்டும். பேசிச் சண்டையிடுபவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் விலகிப் போனவரைத் திரும்ப அழைக்க எந்த நடத்தை விதியாலும் இயலாது.