காற்கூறும் முக்காற்கூறும்

கேள்வி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஆசான் உரைப்பதைச் செவியாற் கேட்டலும் கேள்வி. ஐயுற்றதை அவனிடம் வினாதலும் கேள்வி. ஒரு சொல்லே இரண்டையும் குறித்து நிற்றல், இரண்டும் ஒன்றையொன்று பிரிந்து வாழா என்பதைக் காட்டுவது போலும். ஆயின், நம் காலத்திற் பரவிவரும் ஒருவகைக் கற்பித்தல் இவ்விரண்டையும் பிரித்து, முன்னதை வைத்துக்கொண்டு பின்னதைக் கைவிட்டிருக்கின்றது. மாணவர் தாமே, தமக்கு வாய்த்த நேரத்தில், தம் வேகத்திற் கற்றுக்கொள்ளும் இணையவழிக் கற்கைநெறியையே இங்குக் கருதுகின்றேன்.

வன்னியில் நெடுங்காலம் கரும்பலகையின் முன் நின்ற நான், சில ஆண்டுகளாக அத்தகைய கற்கைநெறியொன்றுக்கு இலக்கணம் கற்பிக்கும் போதனாசிரியனாகவும் இருந்து வருகின்றேன். பாடத்தை எழுதிக் கொடுத்தல், ஒளிப்பதிவுக் கருவியின் முன் இருந்து அதனை விளக்குதல் என்ற இரண்டோடும் என் பணி முடிந்ததென ஒப்பந்தம் கூறுகின்றது. ஆசிரியன் பணி அவ்விடத்தே முடியலாமா என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆசிரியனைக் காணாது கற்றல் புதியதன்று. 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐசாக் பிற்மன் என்பவர் சுருக்கெழுத்தை அஞ்சல் மூலம் கற்பித்தார். மாணவர் எழுதியனுப்பியதை அவர் திருத்தித் திருப்பியனுப்பினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நம் நாட்டில் ஆறுமுக நாவலர் (1822-1879) இலக்கணச் சுருக்கத்தை எழுதியபோது, பகுதிதோறும் தேர்வு வினாக்களையும் சேர்த்து வைத்தார். ஆசான் அருகில் இல்லாத மாணவனும் தன்னைத் தானே வினாவித் தெளிவதற்கு அஃது உதவியது. 1980இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொலைக் கல்வியை மேற்கொண்டபோதும், பிராந்திய நிலையங்களில் மாணவர் நேரிற் கூடும் வகுப்புகளை விட்டுவிடவில்லை. 2001இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குவது, உலகெங்கும் சிதறி வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அகரம் முதலாகப் பாடங்களை இணையத்தில் வைத்தது. நம் கல்வியமைச்சும் ஈ-தக்சலாவ என்னும் தளத்தில் மும்மொழியிலும் பாடங்களை இட்டிருக்கின்றது. ஆகவே கருவியைப் பழித்தல் என் நோக்கமன்று. அச்சுப் புத்தகம் வந்தபோது ஏட்டுச்சுவடியைக் கட்டிக்கொண்டு அழுதவர் பின்னின்றனர். நாவலர் அச்சியந்திரத்தையே நிறுவினார்.

வன்னி மண்ணிலே இக்கல்வியால் விளையும் நன்மையையும் மறைத்தல் அறமன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் ஊருக்கும் ஊருக்கும் இடையே காடும் வயலும் குளமும் கிடக்கின்றன. நெடுங்கேணிப் பக்கத்திலோ துணுக்காய்ப் பக்கத்திலோ வாழும் பிள்ளை, மாலையில் நகரத்து ரியூசன் வகுப்புக்குப் போய் இருட்டியபின் திரும்புதல் எளிதன்று. யானை இறங்கும் பாதைகள் அவை. அப்பிள்ளைக்கு வீட்டிலிருந்தே பாடம் கேட்டல் பெரும் பேறு. வகுப்பிற் கையுயர்த்திக் கேட்க நாணும் மாணவி, ஒளிப்பதிவை நிறுத்தி, பின்னோக்கிச் செலுத்தி, மூன்று முறை கேட்கலாம். ஒருமுறை கேட்டதை மறுமுறையும் கேட்டால் பிழை குறையும் என்பது நம் இலக்கண நூலார் உடன்பாடே. 2009இற்கு முந்திய போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படிப்பை இழந்தவர்கள், இன்று தாயரும் தந்தையருமாகி, பிள்ளை உறங்கிய பின்னர் விட்ட பாடத்தைத் தொடர்கின்றனர். அவர்களுக்கு மணியடித்துத் தொடங்கும் பள்ளி எங்கே உண்டு?

எனினும், பவணந்தியார் நன்னூலின் பொதுப்பாயிரத்திலே கணக்கொன்று வைத்திருக்கின்றார். ஆசான் உரைத்ததை எத்துணை நன்றாகக் கொண்டாலும் மாணவனுக்கு வருவது காற்கூறு புலமையே. உடன் கற்பாரோடு பழகுதலால் இன்னொரு காற்கூறு வரும். தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் உரைக்கும்போதே எஞ்சிய இரு காற்கூறும் நிரம்பும். 13ஆம் நூற்றாண்டினர் எனக் கொள்ளப்பெறும் அவ்வாசிரியர், இன்றைய இணையக் கல்விக்கென்றே அளவுகோல் செய்து வைத்தாரோ என வியக்கின்றேன். ஒளிப்பதிவு தருவது முதற் காற்கூறு ஒன்றே. மற்றை முக்காற்கூறுக்கும் அங்கே இடம் செய்யப்படவில்லை. குறை கருவியிலன்று, கற்கைநெறியை அமைத்த முறையிலேதான்.

முதற் காற்கூறாவது பழுதின்றிச் சேர்கின்றதா? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். பூ என்னும் பெயரின்முன் வல்லெழுத்து வருமிடத்து, அதன் இனமாகிய மெல்லெழுத்தும் மிகலாம் என்பது நன்னூல் விதி. அவ்விதியிலுள்ள உம்மை, வல்லெழுத்து மிகுதலையும் தழுவிக்கொள்ளும். ஆதலாற் பூங்கொடி, பூக்கொடி என்னும் இரண்டும் வழுவற்றன. நான் எழுதிக் கொடுத்த பாடத்தில் இரண்டையும் காட்டியிருந்தேன். பாடத்திலிருந்து வினாக்களைத் தொகுத்தவர்கள் நிறுவனத்தின் ஊழியர். அவர்கள் விடைப்பட்டியலில் முன்னதை மாத்திரம் சேர்த்தனர். ஒட்டுசுட்டான் பக்கத்து மாணவியொருத்தி பூக்கொடி என எழுதினாள். இயந்திரம் சிவப்புக் குறியிட்டுத் தவறு என்றது. அவள் மீண்டும் பாடத்தைக் கேட்டாள். மீண்டும் அதனையே எழுதினாள். மீண்டும் சிவப்புக் குறி. யாரிடம் முறையிடுவது? அத்தளத்தில் வினாவுதற்கு வாயில் இல்லை. எவரிடமோ என் தொலைபேசி எண்ணைப் பெற்று, "ஐயா, நீங்கள் சொன்னது பிழையா, நான் எழுதினது பிழையா?" என்று கேட்டாள். இரண்டும் பிழையல்ல, பிள்ளை என்றேன். விடைப்பட்டியலைத் திருத்துவிக்க நான் பலமுறை எழுத வேண்டியதாயிற்று. என்னைத் தேடிப் பிடிக்க இயலாத மாணவர்கள், சரியான விடையைத் தவறென்றே மனத்திற் பதித்துக்கொண்டிருப்பர்.

வகுப்பறையில் இஃது அரை நிமிடத்துச் செய்தி. பிள்ளையின் முகம் சுருங்கும், ஆசிரியன் காண்பான், உம்மையின் பொருளை விளக்குவான், அவளைக்கொண்டே வகுப்பு முழுவதும் ஒரு நுட்பத்தைக் கற்றுக்கொள்ளும். முகங் காணா இடத்தில் அவளுடைய நுண்ணறிவே அவளுக்குத் தண்டனையாயிற்று.

மாணாக்கருள் ஒருவகையினரை நன்னூலார் ஆட்டுக்கு ஒப்பிடுவார். ஒரு செடியிலே தழை நிறைந்திருந்தாலும் வயிறாற மேயாது, செடிதோறும் சென்று நுனி கடிப்பது ஆடு. இணையக் கல்வி நம்மை அவ்வாறு மேயப் பழக்குகின்றது. ஹாவர்ட் பல்கலைக்கழகமும் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகமும் இணையத்தில் நடாத்திய பெருந்திரட் கற்கைநெறிகளை ஆராய்ந்து, 2019இல் சயன்ஸ் என்னும் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை, 2017-18 காலத்திற் சேர்ந்தோரில் முடித்தவர் நூற்றுக்கு மூவர் அளவினரே என்றது. சேர்ந்தவருட் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தின் வாயிலுக்குள்ளேயே நுழையவில்லை. வளம் மிக்க அப்பல்கலைக்கழகங்களுக்கே இந்நிலையென்றால், ஒரு கைத்தொலைபேசியைத் தந்தையும் மூன்று பிள்ளைகளும் பங்கிடும் வீட்டில் என்ன எதிர்பார்க்கலாம்? பிள்ளைகள் சோம்பேறிகள் என்று தீர்ப்புக் கூறுவது எளிது. "எங்கே நேற்று வரவில்லை?" என்று கேட்பதற்கு ஒருவரும் இல்லாத பள்ளியில் யார் நிலைத்திருப்பார்?

போதனாசிரியர் நிலையையும் சிறிது நோக்குக. பதிவு செய்த பாடத்திற்கு ஒருமுறை கூலி. அப்பாடமோ ஆண்டாண்டாக விற்பனையாகின்றது. திருத்தும் உரிமை அவனுக்கில்லை. மாணவர் வினாவுக்கு விடையளித்தல் வேலையாகக் கணிக்கப்படுவதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் தம் பணத்தில் றீலோட் செய்து, தம் தொலைபேசியிற் கற்பித்தனர். 2021 யூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோதே, அவ்வுழைப்பு இத்துணை நாளும் நடந்ததென்பதைப் பலர் உணர்ந்தனர். காணாத உழைப்புக்கு ஊதியம் கேட்டல் பேராசையாகாது. விடையிறுக்கும் நேரத்திற்கு ஊதியம் இல்லையேல், விடையிறுப்போரும் இலராவர், இழப்பு மாணவருக்கே.

செய்யத்தக்கன மூன்று உண்டு. முதலாவது, ஒவ்வொரு கற்கைநெறியிலும் போதனாசிரியர் பெயரோடு, வாரத்தில் அவர் மாணவருக்கு விடையளிக்கும் நேரமும் குறிக்கப்படல் வேண்டும். அந்நேரம் ஊதியத்துக்குரிய வேலையாகவும், பாடத்தையும் விடைப்பட்டியலையும் திருத்துதல் அவருக்குரிய உரிமையாகவும் ஒப்பந்தத்தில் எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, நம் ஊர்ச் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் கிழமைக்கு ஒரு மாலையேனும் இம்மாணவருக்குத் திறக்கப்படல் வேண்டும். ஒரு திரையும் ஓர் இணைய இணைப்பும் அங்கே இருந்தால், தனித்தனியே இருந்து கேட்டவர்கள் கூடியிருந்து ஆராய்வர். இரண்டாங் காற்கூறு அங்கே கிடைக்கும். மூன்றாவது, கற்கைநெறியை முடிக்க விரும்புவோர், இளைய மாணவர் ஒருவருக்கேனும் ஒரு பாடத்தைச் சொல்லிக் காட்டுதலைத் தேர்வின் ஒரு பகுதியாக்குதல் வேண்டும். க.பொ.த. உயர்தர மாணவி, சாதாரண தரத்துப் பிள்ளைக்குப் புணர்ச்சி விதியைச் சொல்லட்டும். எஞ்சிய அரைக்கூறு புலமை அவளுக்கு அங்கே நிரம்பும்.

இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. வலயக் கல்வி அலுவலகங்களும் ஊர்ச் சங்கங்களும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் மனம் வைத்தாற் போதும். மர நிழலிலும் தறப்பாளின் கீழும் பள்ளி நடத்திய மண் இது. அந்நாளிற் புத்தகம் இல்லாத குறையை ஆசிரியன் அருகிருந்து தீர்த்தான். இன்று உலகத்துப் பாடங்களெல்லாம் கைக்குள் வந்தபின், அருகிருப்பதற்கு ஆளில்லை என்னும் குறை வருமாயின், அதனைக் காலத்தின் மேல் ஏற்றிச் சொல்லுதல் தகாது. பாடத்தைப் பதிவு செய்யப் பணம் ஒதுக்குவோர், வினாவுக்கு விடை சொல்லவும் ஒரு பங்கை ஒதுக்குக. கேள்வி என்னும் சொல்லின் இரு பொருளும் அப்பொழுதுதான் இணையத்திலும் வாழும்.