உள்ளறை வேண்டாம், ஜன்னலோரம் கொடுங்கள்

மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெற வருவோரின் குடும்பத்தாரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் இவர் பகல் முழுவதும் எந்த இடத்தில் இருக்கிறார்?" மருந்து, உணவு, உறக்கம் பற்றிய கேள்விகளையே எதிர்பார்த்து வந்தவர்கள் சற்று வியப்படைகிறார்கள். பின்னர் பெரும்பாலும் ஒரே விதமான விடை வருகிறது: "உள்ளறையில்தான் டாக்டர். யாரும் தொந்தரவு செய்யாமல் ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டோம்."

அன்பினால் எடுக்கப்படும் முடிவு இது. எனினும் ஜன்னல் சாத்தி, திரை இழுத்து, கட்டிலையே உலகமாக்கிவிடும் அந்த அறை, நோய் கேட்பதைக் கொடுக்கிறதே தவிர நோயாளிக்குத் தேவையானதைக் கொடுப்பதில்லை. மனிதரை ஒதுங்கச் செய்வது மனச்சோர்வின் இயல்பு. ஒதுங்க ஒதுங்கச் செயல் குறைகிறது. செயல் குறையக் குறைய மனம் மேலும் தளர்கிறது. ஆகவே வீட்டில் வெளிச்சமும் காற்றும் மிகுந்த இடம் எதுவோ, அதுவே நோயாளியின் பகல்நேர இடமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஒளி. நம் உடலின் உறக்க விழிப்புக் கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்வது காலை வெளிச்சம். குழல்விளக்கு எரியும் அறையில் ஒளியின் அளவு பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். தெளிந்த காலையில் வாசலில் நின்றால் 10,000 லக்ஸைத் தாண்டிவிடும். கனடாவின் எட்மண்டன் நகர மருத்துவமனை ஒன்றில் மனச்சோர்வுக்காகச் சேர்க்கப்பட்டவர்களைக் குறித்த ஆய்வு 1996இல் வெளியானது. வெயில் விழும் அறைகளில் இருந்தவர்கள் சராசரியாக 16.9 நாள்களிலும், வெளிச்சம் குறைந்த அறைகளில் இருந்தவர்கள் 19.5 நாள்களிலும் வீடு திரும்பினர். குளிர்நாட்டு எண்களை அப்படியே நமக்குப் பொருத்த இயலாது. ஆயினும் வெயிலுக்காக ஏங்கும் ஊரில் அதை மருந்துபோல் மதிக்கிறார்கள். ஆண்டெல்லாம் வெயில் காயும் நாட்டில் நாம் அதைத் திரைக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். கோடையில் நண்பகல் ஜன்னலைச் சாத்துவது சரியே. காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரையாவது திறந்து வையுங்கள். மாலை கவிந்தபின் விளக்குகளைக் குறையுங்கள். ஒளிச்சிகிச்சைக்கென விற்கப்படும் விளக்குப் பெட்டிகளை மருத்துவரைக் கேளாமல் வாங்க வேண்டாம்; இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு அவை மிகையெழுச்சியைத் தூண்டக்கூடும்.

இரண்டாவது, அருகிருத்தல். நம் பழைய வீடுகளின் திண்ணை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திண்ணையில் அமர்ந்தவர் யாரிடமும் பேசியாக வேண்டியதில்லை. ஆனால் தனித்தும் இல்லை. தெருவில் பால்காரர் போவார், குழந்தைகள் பள்ளிக்குப் போவார்கள், காலம் நகர்வது கண்ணுக்குத் தெரியும். மனச்சோர்வு உள்ளவருக்கு வேண்டியது இத்தகைய இடம். கேள்விகளால் சூழ வேண்டாம். கதவுக்குப் பின்னால் விடவும் வேண்டாம். அடுக்ககத்தில் வசிப்போர் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டாலே போதும். ஒற்றை அறையில் ஐவர் வாழும் குடும்பங்கள் உண்டு என்பதை அறிவேன். அங்கும் பாயை எந்தப் பக்கம் விரிப்பது, காலையில் அதை எப்போது சுருட்டுவது என்பவை நம் கையில்தான் உள்ளன.

மூன்றாவது, முயற்சியைக் குறைத்தல். பல் துலக்குவதும் தலை வாருவதும்கூட இந்நோயில் மலையேறுவதுபோல் ஆகிவிடுகின்றன. இது சோம்பல் அன்று, நோயின் அறிகுறி. ஆகவே தண்ணீர்ச் செம்பு, துண்டு, மாற்றுடை, செருப்பு ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கட்டில் உறக்கத்துக்கு மட்டும். உண்பதும் அமர்வதும் வேறிடத்தில். அந்தப் பத்தடி தூரமும் ஒரு செயலே. ஒரு தொட்டிச் செடிக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அவரிடம் கொடுக்கலாம். ஒருநாள் தவறினால் குறை சொல்லாதீர்கள்.

நான்காவதாகச் சொல்வது அழகைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. பூச்சிமருந்து வீட்டுக்குள் இருக்கவே கூடாது. சேர்த்து வைத்த மாத்திரைகள் குடும்பத்தில் ஒருவரின் பொறுப்பில், பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். நோய் கடுமையாக உள்ள நாள்களில் அறைக்கும் குளியலறைக்கும் உள்தாழ்ப்பாள் வேண்டாம். இவற்றை மறைவாகச் செய்யாமல், "நீ நலமாகும்வரை இப்படி இருக்கட்டும்" என்று அவரிடமே சொல்லிச் செய்யுங்கள். கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை இலங்கை படிப்படியாகத் தடை செய்தபின், அங்குத் தற்கொலை வீதம் பாதிக்கும் கீழே குறைந்தது. ஆபத்தான பொருள் கைக்கு எட்டாதபோது, கடக்க முடியாதது போலிருந்த இரவும் கடந்துபோகிறது.

மருத்துவமனைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. மனநலப் பிரிவுக்குக் கட்டடத்தின் கடைசி மூலையை ஒதுக்கும் வழக்கம் நம் துறையில் நீண்டகாலமாக இருந்து வருகிறது. கம்பியிட்ட ஜன்னலும் இருண்ட நடைவழியும் பாதுகாப்பின் பெயரால் நியாயப்படுத்தப்படுகின்றன. பாதுகாப்பையும் வெளிச்சத்தையும் ஒருங்கே தரும் கட்டடங்களை எழுப்ப இயலும். நோயாளிகளும் குடும்பத்தாரும் அதைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்பது உங்கள் உரிமை.

அறையை மாற்றினால் நோய் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மருந்தும் உளவியல் சிகிச்சையும் தொடர வேண்டும். மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்தக் கூடாது. வாழ்வதில் பொருளில்லை என்று அவர் ஒருமுறை சொன்னாலும் அன்றே எங்களிடம் அழைத்து வாருங்கள். நள்ளிரவாயினும் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். மருந்து வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். ஜன்னலைத் திறக்க அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையே திறக்கலாம்.