தேர்வில் வராத எண்கள்

பாசிர் ரிஸ்ஸில் ஸ்திரீட் 11, 12, 13 என்று சாலைகள் உண்டு. 51, 52, 53 என்றும் 71, 72 என்றும் வேறு சாலைகள் இருக்கின்றன. இவற்றுள் 11, 13, 53, 71 ஆகியவை பகா எண்கள். அதாவது, 1ஆலும் தம்மாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்கள். 11ஐத் திருப்பி எழுதினாலும் 11தான். 13ஐத் திருப்பினால் 31. 71ஐத் திருப்பினால் 17. அவையும் பகா எண்களே. 53 மட்டும் 35 ஆகி ஏமாற்றிவிடுகிறது.

இப்படி இலக்கங்களின் அமைப்பைப் பார்த்துப் பகா எண்களைத் தேடுவது வீண்வேலை என்று பலர் நினைக்கின்றனர். “தேர்வில் இது வருமா?” என்று கேட்கின்றனர். வராது. ஆயினும், உயர்நிலைப் பள்ளிகளில் இதற்குச் சிறிது நேரம் ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இணையத்தில் பணம் செலுத்தும்போது நம் தகவல்களைக் காக்க மிகப் பெரிய பகா எண்கள் உதவுகின்றன என்று சிலர் காரணம் காட்டுவர். அது உண்மைதான். ஆனால், அங்குத் தேவைப்படுபவை எவராலும் ஊகிக்க முடியாத எண்கள். அழகான அமைப்புள்ளவை அல்ல. ஆகவே, அந்தக் காரணத்தை நான் சொல்லமாட்டேன்.

31, 331, 3331, 33331, 333331, 3333331, 33333331 ஆகிய ஏழும் பகா எண்கள். எட்டாவதும் அப்படியே இருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால், 333333331ஐ 17ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லை, ஈவு 19607843. இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளைக் கண்டதும் விதி கிடைத்துவிட்டதாக நாம் நம்பிவிடுகிறோம். எண்களில் மட்டுமா, மனிதர்களைப் பற்றியும் அப்படித்தானே முடிவு செய்கிறோம்! ஆசிரியர் பலமுறை எச்சரித்தாலும் பதியாத ஒன்றை இந்த எட்டாவது எண் பதியவைத்துவிடுகிறது.

1 என்ற இலக்கத்தால் மட்டுமே ஆன எண்கள் இன்னும் பிடிவாதமானவை. 11 பகா எண். ஆனால், 111 என்பது 3 × 37. 11111 என்பது 41 × 271. அடுத்த பகா எண்ணைக் காண 1ஐ 19 முறை எழுத வேண்டும். அதற்கடுத்து 23 முறை. அதன்பிறகு 317 முறை!

இத்தகைய எண்களில் ஈடுபாடு கொண்டிருந்தவர் காப்ரேகர். இவர் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், தேவ்லாலி என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 11 × 11 = 121, 111 × 111 = 12321 என வரும் எண்களை ஆராய்ந்து, ஒரு ரயில் நிலையத்தின் பெயரால் அவற்றை ‘டெம்லோ எண்கள்’ என்று அழைத்தார். அக்காலக் கணித அறிஞர் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1975இல் மார்ட்டின் கார்ட்னர் ஓர் அமெரிக்க அறிவியல் இதழில் எழுதிய பிறகே அவருடைய பெயர் உலகெங்கும் பரவியது. விளையாட்டு என்று ஒதுக்கப்பட்டதை அவர் பல ஆண்டுகள் விடாமல் செய்தார்.

மாதத்திற்கு ஒரு பாடவேளை போதும். ஒவ்வொருவரும் தம் புளோக் எண்ணிலிருந்தே தொடங்கலாம். அது மூன்று இலக்க எண்ணாக இருந்தால், 2 முதல் 31 வரையுள்ள 11 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். மதிப்பெண் மட்டும் வேண்டாம். மதிப்பெண் வந்தால், பின்னாலேயே துணைப்பாட வகுப்பும் வந்துவிடும்.