தங்கையின் பங்கு எங்கே?

சென்ற இதழில் வெளிவந்த, பிரிந்த சகோதரர் இருவரைப் பற்றிய சிறுகதையைப் படித்து நானும் கண்கலங்கினேன், மறைக்க வேண்டுவதில்லை. தகப்பனார் விட்டுச்சென்ற வீட்டுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் முகம் பாராதிருந்தவர்கள், தாயின் ஜனாஸாவைத் தோள்மாற்றிச் சுமந்து, கபர்ஸ்தானிலிருந்து திரும்பியதும் தழுவிக்கொண்டு அழுகிறார்கள். மூன்றாம் நாள், வீட்டை இரு பாதியாக்கிக் கொள்வதென்று முடிவாகிறது. கதையும் முடிகிறது. நடையழகில் குறை காண நான் வரவில்லை.

இதழை என் தங்கையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "தேநீர்த் தட்டை ஏந்தி வந்தாளே, அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லையா, நானா?"

மீண்டும் புரட்டினேன். மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தோருக்குத் தேநீர் கொண்டு வருகிறாள் ஒருத்தி. அவ்விருவருக்கும் தங்கை என்று அரை வரியில் சொல்லப்படுகிறது. அவ்வளவே.

இரு பாதி என்ற கணக்கை ஆசிரியர் எங்கிருந்து எடுத்தார்? திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்திலிருந்து அன்று. கடனும் மரணசாசனமும் போக எஞ்சிய சொத்தை 40 கூறாக்கினால், மனைவிக்கு எட்டிலொன்றாகிய 5, மகன்கள் ஒவ்வொருவருக்கும் 14, மகளுக்கு 7. தாயும் மறைந்தபின், வேறு வாரிசு இல்லாத நிலையில், அவருடைய 5 கூறும் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்றே பிரியும். ஆக, மகளுடையது 8. வீட்டில் ஐந்திலொரு பங்கு! ஒருவர் பங்கை மற்றவர் பறித்தார் என்பதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் பகைத்தவர்கள், இறுதியில் இருவருமாகச் சேர்ந்து மூன்றாமவளின் பங்கைப் பகிர்ந்துகொண்டார்கள். இதற்குச் சமாதானம் என்று பெயர்!

நகையும் சீரும் கொடுத்தாயிற்றே என்பர். தகப்பனார் உயிரோடிருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுரிமையோ அவர் கண்மூடிய பின் பிறப்பது. மூத்தவனைச் சிங்கப்பூருக்கு அனுப்பத் தென்னந்தோப்பு விற்கப்பட்டதாகக் கதையிலேயே வருகிறது. அதை எவரும் அவன் பங்கில் கழிக்கவில்லையே! (காயல்பட்டினத்தில் வீடு பெண்மக்களுக்கே போகும் வழக்கத்தை அறிவேன். இக்கதை நடப்பது நாகைப் பக்கத்தில்.) நாட்டுச் சட்டமும் இவர்களுக்குத் துணை நிற்கவில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வாரிசுரிமையில் ஊர் வழக்கத்தைத் தள்ளி ஷரீஅத்தை நிலைநிறுத்தியது. அது விட்டுவைத்த விளைநிலத்தையும் 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் சேர்த்துக்கொண்டது.

மூன்று நாளைக்கு மேல் சகோதரனைப் பகைத்திருத்தல் ஆகாது என்ற நபிமொழியை எனக்கு நினைவூட்டச் சிலர் முன்வரக்கூடும். மறுப்பேனா? ஆயினும் இணக்கம் என்பது எத்தகையது என்பதற்கு அபூபக்ர் (ரலி) அவர்களின் வரலாறு இருக்கிறது. தம் மகளின் மீது சொல்லப்பட்ட அவதூறில் உறவினர் மிஸ்தஹும் சேர்ந்துகொண்டதால், அவருக்கு அளித்துவந்த உதவியை நிறுத்துவதாக அவர்கள் ஆணையிட்டார்கள். மன்னிக்குமாறு இறைவசனம் இறங்கியதும் செய்தது என்ன? நிறுத்திய பொருளை மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். நம் கதாசிரியரின் சகோதரர்களோ கண்ணீரை மட்டும் கொடுத்தார்கள், அதையும் தங்களுக்குள்ளேயே.

இதை எழுதும் தகுதி எனக்குண்டா என்று கேட்கலாம். எங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு விடுதலைப் பத்திரம் கிடக்கிறது. நானும் என் தம்பியும் காட்டிய இடத்தில் தங்கை கையெழுத்திட்டாள், படித்துக்கூடப் பார்க்கவில்லை. அவளாகவே மனமுவந்து விட்டுக்கொடுத்தாள் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறேன். வேண்டுமா, வேண்டாமா என்று ஒருமுறையேனும் கேட்கப்படாதவள் எதை விட்டுக்கொடுப்பாள்?

தம்பியிடம் இதைப் பற்றிப் பேசினேன். இரண்டு வாரங்களாக அவன் என்னோடு பேசுவதில்லை. பள்ளிவாசலில் காணும்போதெல்லாம் நானே முந்திக்கொண்டு சலாம் சொல்கிறேன். பத்திரத்தைப் பற்றிய பேச்சை மட்டும் விடுவதாக இல்லை.