சாட்சிக்குப் பின் வரும் திங்கட்கிழமை



இந்த மாதம் நமக்கு வந்த கேள்வி இது: "அப்பா குடியை விட்டு ஆறு வருடமாகிறது. சபையில் சாட்சியும் சொன்னார். எல்லாரும் ஆண்டவரை ஸ்தோத்திரித்தார்கள். ஆனால் வீட்டில் சட்டென்று கோபப்படுகிறார். சில நாட்கள் யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே இருக்கிறார். அப்படியானால் அவர் உண்மையில் மாறவில்லையா? நாங்கள் என்ன செய்வது?"

பெயர் போடாமல் வந்த இந்தக் கேள்வியை இன்னும் சில வீடுகளில் யாரோ மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே எல்லாருக்குமாகப் பதில் எழுதுகிறேன்.

அப்பா மாறியிருக்கிறார். ஆறு வருடம் குடிக்காமல் இருப்பது சின்னக் காரியமல்ல. ஆனால் மது அவருக்கு ஒரு வேலை செய்துவந்தது. கவலை, வெட்கம், தனிமை எது வந்தாலும் அதை அமுக்கிவைத்தது. மது போனபோது அந்த உணர்ச்சிகள் கூடவே போய்விடவில்லை. இப்போது மூடிவைக்க ஒன்றுமில்லாமல் அவை வெளியே வருகின்றன. இருபது வயதில் குடிக்கத் தொடங்கியவர், ஏமாற்றத்தைத் தாங்கவும் கோபத்தை அடக்கவும் நாற்பத்தைந்து வயதில்தான் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறார்.

ஏ.ஏ. என்று நாம் அறிந்திருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தை 1935-இல் டாக்டர் பாப் ஸ்மித்துடன் சேர்ந்து தொடங்கியவர் பில் வில்சன். 1934 டிசம்பரில் குடியை விட்டவர் அதன்பின் குடிக்கவே இல்லை. அவர் மூலமாக ஆயிரக்கணக்கானோர் விடுதலை பெற்றார்கள். அப்படிப்பட்டவரையே பல வருடங்கள் கடும் மனச்சோர்வு வாட்டியது. 1958 ஜனவரியில் ஏ.ஏ. பத்திரிகையில் அவர் அதைப்பற்றி வெளிப்படையாக எழுதினார். மதுவிலிருந்து தெளிவது போதாது, உணர்ச்சிகளிலும் தெளிவு வேண்டும் என்பதே அதன் சாரம். மற்றவர்களின் பாராட்டிலும் தனக்குச் சாதகமான சூழ்நிலைகளிலும் தன் மனம் சாய்ந்து நின்றதையும், அவை கிடைக்காதபோதெல்லாம் தான் விழுந்துபோனதையும் அவர் கண்டுகொண்டார். அன்பைக் கேட்டு வாங்குவதை விட்டு, தேவனைச் சார்ந்து பிறருக்கு அன்பைக் கொடுக்கத் தொடங்கியபோதே அவருக்கு அமைதி வந்தது. அப்போது அவர் குடியை விட்டு 23 வருடங்கள் ஆகியிருந்தன.

வேதத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். கர்மேல் மலையில் எலியாவின் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. அதைவிடப் பெரிய சாட்சி உண்டா? அடுத்த அதிகாரத்திலேயே அவர் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிட வைத்தான். ஓரேபில் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். அங்கேயும் கர்த்தர், அவர் தனியாக இல்லை என்பதைக் காட்டி, எலிசாவைத் துணையாகக் கொடுத்தார்.

குடியிலிருந்து மீள்வோர் மனம் குலையும்போது தங்களைக் கேட்டுக்கொள்ளும் நான்கு கேள்விகள் உண்டு: பசியா? கோபமா? தனிமையா? களைப்பா? எலியாவிடம் இவற்றில் எத்தனை இருந்தன என்று 1 இராஜாக்கள் 19-ஐ வாசித்து எண்ணிப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்து, சாப்பிடாமல், ஊரில் இருக்கும் வயதான தாயை நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழையும் அப்பாவிடமும் எண்ணிப் பாருங்கள். அவர் செய்வதெல்லாம் சரி என்று இதற்கு அர்த்தமல்ல. எங்கே உதவி தேவை என்பது தெரியும், அவ்வளவுதான்.

நம் சபைகளுக்கும் ஒரு வார்த்தை. சாட்சி சொன்னவரிடம், "இன்னும் என்ன கவலை, ஜெபியுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அதன்பின் தன் சோர்வை வெளியே சொன்னால் விசுவாசத்தில் பின்வாங்கியதாக நினைப்பார்களே என்று அவர் பயப்படுகிறார். சோர்வு வாரக்கணக்கில் நீண்டால் மருத்துவரிடம் போவதும் விசுவாசக் குறைவல்ல. அந்த அடையும் தண்ணீரும் கர்த்தர் கொடுத்தவைதானே?

சரி, நீங்கள் என்ன செய்வது?

முதலாவது, அப்பாவின் சமாதானத்துக்கு நீங்கள் பொறுப்பாளி அல்ல. உங்கள் மதிப்பெண்ணோ, அமைதியோ, ஜெபமோ குறைந்ததால் அவர் சோர்ந்துபோகவில்லை. அவரை நேசியுங்கள், ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்து உங்கள் நாளைத் தீர்மானிக்காதீர்கள்.

இரண்டாவது, அமைதியான நேரம் பார்த்து, குற்றஞ்சாட்டாமல் பேசுங்கள். "அப்பா, நேற்று நீங்கள் சத்தம் போட்டபோது எனக்குப் பயமாக இருந்தது" என்று சொன்னால் போதும். ஏ.ஏ.யின் பத்தாவது படி, தினமும் தன்னைச் சோதித்து, தவறினால் உடனே ஒப்புக்கொள்வது. இதை வீட்டில் எல்லாருமே பழகலாம். நீங்களும் கதவை அறைந்து சாத்தியிருந்தால் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

மூன்றாவது, தனியே சுமக்காதீர்கள். குடிப்பழக்கத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்தாருக்காக அல்-அனான் 1951-இலும், பதின்வயதினருக்காக அலட்டீன் 1957-இலும் தொடங்கின. இவை பல நாடுகளில் கூடுகின்றன. கோபம் அடியாகவோ மிரட்டலாகவோ மாறினால் பொறுத்திருக்க வேண்டாம். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ அன்றே சொல்லுங்கள். அது அப்பாவைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

அசுத்த ஆவி விட்டுப்போன வீட்டைப்பற்றி இயேசு சொன்னதை மத்தேயு 12-இல் வாசிக்கிறோம். வீடு பெருக்கிச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வெறுமையாக இருந்தது. உங்கள் அப்பாவின் வீடு சுத்தமாகிவிட்டது. அதில் ஆண்டவரின் சமாதானம் ஒவ்வொரு அறையாகக் குடியேற நாள் பிடிக்கும்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் அப்பாவை ஆறு வருடம் காத்ததற்காக ஸ்தோத்திரம். எலியாவை விசாரித்தது போல அவரையும் விசாரியும். அவரை மாற்றுவது எங்கள் வேலையல்ல, உம்முடைய வேலை என்று விட்டுவிட எங்களுக்குப் பெலன் தாரும். ஆமென்.