கிராம வீடுகளுக்கு இணைய இணைப்பு: கடைமடையையும் கவனிக்க வேண்டும்

தபால், தந்தி, மின்சாரம் என ஒன்றன்பின் ஒன்றாகக் கிராமாந்தரங்களை வந்தடைந்த சௌகரியங்களின் வரிசையில் இப்பொழுது இணையமும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் பொதுஜனங்களுக்கு இது முதன்முதலாகத் திறந்துவிடப்பட்டது 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ஆம் தேதியில். அன்று நகரவாசிகளுக்கு மட்டும் உரிய புதுமையாய் இருந்த அது, இன்று நிலமுள்ள எந்தக் குடும்பமும் வேண்டாமென்று ஒதுக்க முடியாத அத்தியாவசியமாகிவிட்டது. பட்டா, சிட்டா நகல் பெறுவதற்கும், பிரதம மந்திரி கிஸான் திட்டத்தில் வருஷத்திற்கு மூன்று தவணையாகக் கிடைக்கும் 6,000 ரூபாய் தடைப்படாதிருக்க அடையாளச் சரிபார்ப்புச் செய்வதற்கும், பயிர் இன்ஷூரன்ஸ் பதிவு செய்வதற்கும், மாநில சர்க்கார் 2018-ஆம் வருஷம் வெளியிட்ட உழவன் செயலியில் விதை இருப்பையும் விலை நிலவரத்தையும் அறிவதற்கும் இணையமே வழியாக இருக்கிறது.

ஆனால் ஊருக்கு வசதி வந்திருக்கிறது என்பது ஒன்று. அது வீட்டிற்கு வந்திருக்கிறது என்பது வேறொன்று. 2019-ஆம் வருஷம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உண்டான தென்காசி ஜில்லாவில், ஆலங்குளம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெரிய ரஸ்தாவை ஒட்டிக் குடியிருப்பவருக்கு டவரும் கிட்டத்தில் இருக்கும். கேபிள்காரரும் கூப்பிட்டவுடன் வருவார். ரஸ்தாவிலிருந்து உள்ளே தள்ளிக் கிணற்றடித் தோட்டத்தில் வீடு கட்டியிருப்பவருக்கும், ஊர்க்கோடியில் உள்ள காலனி வீடுகளுக்கும் நிலைமை அப்படியன்று. அவ்வீட்டாருக்கு உள்ள வழிகள் எவை, அவற்றுள் எதை நாடுவது உசிதம் என்பதை ஆராய்ந்து, என் அபிப்பிராயத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் வழி கைபேசி. அநேகமாக எல்லாருக்கும் இன்று இணையம் என்பது கைபேசியே. 2025-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதி பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் சுதேசி 4ஜி சேவை தொடங்கிவைக்கப்பட்டபின், தனியார் கம்பெனிகளோடு சர்க்கார் கம்பெனியும் இத்துறையில் மறுபடி நிற்கிறது. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் தக்காளி என்ன விலை போயிற்று என்று விசாரிக்கவும், பாங்கியிலிருந்து வரும் குறிப்பைப் பார்க்கவும் கைபேசி போதுமானதே. குடும்பம் முழுவதற்கும் அது போதாது. நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் திட்டத்தில், வினாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு பிள்ளை வீடியோப் பாடம் கேட்டால், சுமார் 3 மணி 20 நிமிஷத்தில் அன்றைய அளவு முழுவதும் தீர்ந்துபோகும். மேலும் ஒரு டவரின் சக்தியை அதன் எல்லைக்குள் இருப்போர் அனைவரும் பகிர்ந்துகொள்வதால், எல்லாரும் வீடு திரும்பும் அந்தி வேளையில் வேகம் குறைவது இயல்பு. வீட்டுத் தலைவர் கைபேசியுடன் வயலுக்குப் போய்விட்டால், வீட்டிலிருப்போருக்கு இணையமே இல்லாமற் போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வழி பழைய டெலிபோன் செம்புக் கம்பி. எக்ஸ்சேஞ்சுக்கு அருகில் உள்ளவருக்கு ஒரு காலத்தில் இது நன்றாகவே உதவியது. ஆயினும் தூரம் கூடக்கூட வேகம் தேய்ந்து, நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பால் பிரயோஜனமற்றதாகிவிடும் தன்மை இக்கம்பிக்கு உண்டு. இடி மின்னலுக்கும் திருட்டுக்கும் இது இலக்கானது. புதிதாக இதனை நாடுவதில் அனுகூலம் இல்லை.

மூன்றாவது வழி வீட்டுக் கூரைமேல் ஒரு பெட்டியை நிறுத்தி, டவரிலிருந்து கம்பியின்றி இணைப்புப் பெறுவது. 2023-ஆம் வருஷத்தில் ஏர்டெல், ஜியோ கம்பெனிகள் ஏர்பைபர் என்ற பெயருடன் 5ஜி அலைகளைக்கொண்டு இதனை ஆரம்பித்தன. டவர் கிட்டத்தில் இருந்து, இடையில் மரமும் மேடும் மறைக்காவிட்டால் இது நல்ல வழியே. நம் பக்கத்துத் தேனி ஜில்லாவில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியார் கலிபோர்னியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து, சுமார் இருபது வருஷங்களுக்கு முன்னரே, பல மைல் தூரம் செல்லும் ஒய்-பை இணைப்புகளைக் கோபுரங்களில் அமைத்து, கிராமத்து நோயாளிகள் நகரத்து டாக்டருடன் நேரில் பேசுவதுபோல் பேச வழி செய்தனர். அங்கே பெட்டிகள் பழுதடைந்ததற்குப் பெரும்பாலும் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வே காரணமாக இருந்தது. ஆலங்குளம் பக்கத்திற்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வந்து காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று, கூரைமேல் நிறுத்திய கம்பத்தையும் அசைக்கும். ஆகையால் இவ்வழியை நாடுவோர் கம்பத்திற்கு மூன்று புறமும் இழுகம்பி கட்டி, மின்னல் தாங்கி ஒன்றும் அமைத்துக்கொள்வது அவசியம்.

நான்காவது வழி விண்கோள். பழைய முறையில் விண்கோள் பூமிக்குமேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், நாம் கேட்டதற்குப் பதில் வர அரை வினாடிக்கு மேல் ஆகும். உரையாடலுக்கு அது இடையூறு. ஸ்டார்லிங்க் முதலிய புதிய ஏற்பாடுகளில் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே ஆயிரக்கணக்கான சிறு விண்கோள்கள் சுற்றுவதால் அக்குறை பெரும்பாலும் நீங்குகிறது. அக்கம்பெனிக்கு மத்திய சர்க்கார் 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அனுமதிப் பத்திரம் அளித்தது. மலையடிவாரத்தில் வேறெந்த வழியும் எட்டாத தனி வீட்டிற்கு இது பொருந்தலாம். நாலு வீடு சேர்ந்திருக்கும் இடத்திற்கு இதனை நம்பிக் காத்திருப்பது சிக்கனமாகாது.

ஐந்தாவது வழி பைபர் எனப்படும் கண்ணாடி இழை. இதில் மின்சாரத்திற்குப் பதிலாக ஒளி செல்கிறது. இன்று வழக்கில் உள்ள முறையில் ஒரே இழையின் ஒளியை 32 வீடுகளுக்கும், தேவையானால் 64 வீடுகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். 20 கிலோமீட்டர் வரையில் கொண்டுசெல்லலாம். இடையில் எங்கும் மின்சாரம் வேண்டுவதில்லை. கண்ணாடி மின்னலைக் கடத்தாது. கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். வீட்டில் உள்ள பெட்டி ஒரு சிறு பல்பின் அளவே மின்சாரம் கொள்வதால், 12 வோல்ட் பாட்டரி ஒன்று இருந்தால் மின்வெட்டிலும் நடக்கும். வேகத்தாலும், நீடித்த உழைப்பாலும், மாதச் செலவைக் குடும்பத்தினர் பலரும் பகிர்ந்து அனுபவிப்பதாலும் இதுவே மேலானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கிராமத்திற்குப் பைபர் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். மத்திய சர்க்கார் 2011-ஆம் வருஷம் அங்கீகரித்து, பின்னர் பாரத்நெட் என்று பெயரிட்ட திட்டத்தின் நோக்கம் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் இவ்விழையைக் கொண்டுசெல்வதே. தமிழ்நாட்டில் 12,525 கிராமப் பஞ்சாயத்துக்களை இணைக்கும் வேலை தமிழ்நாடு பைபர்நெட் கார்ப்பரேஷனிடம் ஒப்புவிக்கப்பட்டது. 2023-ஆம் வருஷம் ஆகஸ்டில் மத்திய சர்க்கார் 1,39,579 கோடி ரூபாய்ச் செலவில் திட்டத்தைத் திருத்தி அமைத்தபோது இரண்டு முக்கியமான மாறுதல்கள் செய்யப்பட்டன. முன்னர் கேபிள் ஒரே கோடாகச் சென்றதால் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பாற்பட்ட ஊர்கள் யாவும் இருளில் இருந்தன. இனி வளையமாக அமைத்து, ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக ஓடும்படி செய்ய வேண்டுமென்பது ஒன்று. பஞ்சாயத்து அலுவலகத்தோடு நில்லாமல், கேட்கும் சிற்றூர்களுக்கும் இழை கொடுக்கப்படும் என்பது மற்றொன்று. கேட்கும் ஊர்களுக்கு என்பதை வாசகர்கள் நன்கு மனத்தில் வைக்க வேண்டும். கேளாத ஊருக்கு அது எப்பொழுது வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

குளம் நிறைந்திருந்தும் வாய்க்கால் வெட்டாவிட்டால் வயல் காய்ந்தே கிடக்கும். பஞ்சாயத்து அலுவலகம் வரை வந்த இழையை அங்கிருந்து தெருக்களுக்கு எடுத்துச்செல்வதே இன்று பாக்கியுள்ள வேலை. பி.எஸ்.என்.எல். நிறுவனம் உள்ளூர்க் கேபிள்காரர்களையும் சிறு தொழில் செய்வோரையும் கூட்டாளிகளாகச் சேர்த்து, வருமானத்தில் பங்கு கொடுத்து வீடுகளுக்கு இணைப்புத் தரும் முறையை நடத்திவருகிறது. இம்முறையில் உள்ளூர் ஆளின் பொறுப்பே பிரதானம் என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. மதுரை ஜில்லா மேலூர் வட்டாரத்தில் 2001-ஆம் வருஷம் முதல், சென்னை ஐ.ஐ.டி.யார் கண்டுபிடித்த கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையால் பல கிராமங்களில் இணைய நிலையங்கள் ஏற்படுத்தப்பட்டன. சில வருஷங்களுக்குள் அவற்றிற் பல மூடப்பட்டுவிட்டன. அதைப்பற்றி ஆராய்ந்தவர்கள், பயிற்சி பெற்ற ஆள் இருந்த நிலையங்களும், பின்னின்று தாங்க ஒரு ஸ்தாபனம் இருந்த நிலையங்களுமே அதிகக் காலம் நிலைத்தன என்று கண்டனர். எனவே இணைப்பு வாங்கும் விவசாயி, கம்பெனியின் பெயரையும் விளம்பரத்தில் உள்ள வேகத்தையும் மட்டும் பார்க்கலாகாது. இழை அறுந்தால் ஒட்டுகிற ஆள் எந்த ஊரில் இருக்கிறார், ஒட்டும் மெஷின் அவர் கையில் இருக்கிறதா, எத்தனை நாளில் வருவார் என்பவற்றையே முதலில் விசாரிக்க வேண்டும்.

இனி, சொல்வதற்குச் சற்றுச் சங்கடமான ஒரு விஷயம். இழை கடைசி வீடு வரை செல்லாமைக்குச் சர்க்காரும் கம்பெனியும் மட்டும் காரணமல்ல. நிலமுடையவர்களாகிய நாமும் காரணமாக இருக்கிறோம். 2025-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி முதல் அமலில் உள்ள புதிய பாதை உரிமை விதிகள் பொது நிலங்களில் அனுமதி வழங்கும் முறையை ஒழுங்குபடுத்தியிருக்கின்றன. ஆனால் தோட்டத்து வரப்பில் ஒரு கம்பம் நடுவதற்கு உடையவரின் சம்மதமே வேண்டும். தம் வீட்டுக்கு இணைப்பு வந்தபின், தமக்குப் பின்னால் இருப்பவருக்காக ஒரு கம்பம் நட இடம் கொடுக்க மறுப்பவர் எந்த ஊரிலும் சிலர் உண்டு. பாசனத்தில் இவ்வழக்கம் செல்லுமா? தலைமடைக்காரர் தம் வயலில் பாய்ந்தபின் கடைமடைக்கு நீரை விட்டே ஆக வேண்டும் என்பது நம் முன்னோர் கட்டிக்காத்த நியாயம். வாய்க்கால் தன் வயலோரம் போகலாகாது என்று ஒருவர் சொன்னால் ஊர் ஒப்பாது. இழைக்கும் அதே நியாயம் பொருந்தும்.

கடைமடையில் இருப்பவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆலங்குளம் பக்கத்தில் அநேக வீடுகளில் பெண்கள் பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்குகின்றனர். பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்குச் சர்க்கார் தரும் படிப்பு உதவித்தொகைக்கும் இணையத்தில்தான் மனுச் செய்ய வேண்டும். ஒரு மனுவுக்காக ஒரு நாள் கூலியை இழந்து இ-சேவை மையத்தில் காத்திருப்பது அவ்வீட்டாருக்குப் பெரும் நஷ்டம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக் கிராமத்தில் ஜோஹோ என்னும் மென்பொருள் கம்பெனி அலுவலகம் அமைத்து நடத்திவருவது யாவரும் அறிந்ததே. கிராமத்திலிருந்தே உத்தியோகம் பார்க்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அப்பேறு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் கிட்டுவது அந்தக் கடைசி இருநூறு கெஜக் கேபிளைப் பொறுத்திருக்கிறது.

தனித்தனியாக ஒவ்வொருவரும் விண்ணப்பம் போட்டால், தூரத்தில் உள்ள ஒற்றை வீட்டுக்குக் கேபிள் இழுக்க எந்தக் கேபிள்காரரும் முன்வரமாட்டார். அவரைக் குறைகூறவும் முடியாது. 20 அல்லது 30 வீடுகள் ஒன்றுசேர்ந்து கேட்டால், ஒரே இழையில் அவ்வளவு பேருக்கும் கொடுக்கலாமாகையால் அவருக்கும் கட்டுப்படியாகும். ஆகவே கிராம நிர்வாக அலுவலர்களும், பஞ்சாயத்துச் செயலர்களும், முன்னணி விவசாயிகளும் பின்வருமாறு செய்யலாம் என்பது என் யோசனை.

முதலாவது, தெருவாரியாக வீடுகளைக் கணக்கெடுத்து, தோட்ட வீடுகளையும் காலனியையும் விடாமல் சேர்த்து ஒரு ஜாபிதா தயாரிக்க வேண்டும். இரண்டாவது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் கூடும் கிராம சபை ஒன்றில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி, கலெக்டர் மூலம் பைபர்நெட் கார்ப்பரேஷனுக்கும் பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். மூன்றாவது, பஞ்சாயத்து அலுவலகத்தில் உள்ள கருவிக்குப் பாட்டரியோ சூரிய மின்சாரமோ இருக்கிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். அது அணைந்தால் ஊர் முழுவதும் அணையும். நான்காவது, பூமியில் புதைத்த இழையின் போக்கைக் கல் நட்டு அடையாளமிட வேண்டும். ஜே.சி.பி. கொண்டு வாய்க்காலோ குழாய்ப் பள்ளமோ தோண்டுமுன் தெரிவிப்பதற்கென்றே 2023-ஆம் வருஷம் மார்ச்சில் சர்க்கார் ஒரு செயலியை வெளியிட்டிருக்கிறது; ஒப்பந்தக்காரர்கள் அதனைப் பயன்படுத்தும்படி வற்புறுத்த வேண்டும். ஐந்தாவது, இணைப்பு வந்தபின் வேகத்தை அளந்து பார்க்க வேண்டும். வினாடிக்கு 2 மெகாபிட்டுக்குக் குறைந்ததைப் பிராட்பேண்டு என்று சொல்லலாகாதென 2023-ஆம் வருஷம் ஜனவரியில் மத்திய சர்க்காரே வரையறுத்திருக்கிறது.

கைபேசி இருக்கும்போது இவ்வளவு பிரயாசை ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. கிணற்றில் வாளியால் இறைத்தும் குடிநீர் எடுக்கலாம்; பயிருக்குப் பாய்ச்ச மோட்டார் வேண்டியிருக்கிறது. கைபேசிக்கும் வீட்டு இணைப்புக்கும் உள்ள பேதம் அத்தகையது. இழை எட்டும்வரை கைபேசியாலும் ஏர்பைபராலும் சமாளிப்பதில் தவறில்லை. அவை கிடைத்துவிட்டன என்பதற்காக இழையைக் கேளாமல் இருந்துவிடுவதே தவறு. அடுத்து வரும் கிராம சபையில் இவ்விஷயம் எழுப்பப்பட வேண்டும். எழுப்புவதற்கு, முன்வரிசையில் அமரும் நிலமுடையவர்களே தகுந்தவர்கள். தம் வரப்பில் ஒரு கம்பத்துக்கு இடம் தருவதாக முதலில் சபையில் சொல்லிவிட்டு, பிறகு அவர்கள் தீர்மானத்தை முன்மொழிவார்களானால், அதற்கு எதிர்ப்பு இராது.